கேட்டுக்கொண்டே இருந்த வாசல்கள்

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டு விடாமல் பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை. பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டை அப்போதுதான் திறந்தேன். அண்ணாச்சியிடமிருந்து அழைப்பு வந்தது. கூடப் பிறந்தவர் இல்லை. டவுனில் மருந்துக்கடை வைத்திருப்பவர். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும்.

“எம்மா, நம்ம வெப்சைட்டு தொறக்க மாட்டுக்கு. காலையிலேருந்து வெள்ளையாவே நிக்கி.”

“சாயங்காலம் வந்து பாக்கட்டுமா அண்ணாச்சி?”

“சாயங்காலம் வரைக்கும் தாங்காதும்மா. ஏரல் பக்கத்துப் பிள்ளை ஒண்ணு, நெறமாசம். ஆஸ்பத்திரியில கெடக்கு. ரத்தம் வேணும். சாதாரண ரத்தம் இல்லையாம், பாம்பே குரூப்பாம்.”

டப்பாவை மூடிவிட்டேன்.

அண்ணாச்சியின் மனைவிக்கு முன்பு ஒரு பிரசவத்தில் யாரோ ஒரு லாரி டிரைவர் ரத்தம் கொடுத்திருக்கிறார். பெயரைக் கேட்பதற்குள் ஆள் போய்விட்டார். அன்றிலிருந்து அண்ணாச்சிக்கு ரத்ததானம் ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. முதலில் கடைச் சுவரில் எழுதிப் போட்டார், அப்புறம் போன் வழியாக, அப்புறம் வெப்சைட். யாருக்காவது ரத்தம் தேவைப்பட்டால் அதற்கென்று ஒரு பக்கம் போடுவார். அந்தப் பக்கத்தின் சுட்டி வாட்ஸப் குழுக்களில் ஊர் ஊராகப் பரவும். கொடுக்க விரும்புகிறவர் ‘வருகிறேன்’ என்ற பொத்தானைத் தொட்டால் அவருடைய எண் அண்ணாச்சிக்கு வந்துவிடும். அவ்வளவு எளிமையான ஏற்பாடு. அது படுத்துக்கொண்டால் எழுப்பிக் கொடுப்பது கணினி வேலை தெரிந்த என் பொறுப்பு. அதை நடத்தும் சர்வர் கணினி அவர் கடையின் மாடி அறையில், குளுக்கோஸ் பெட்டிகளுக்கும் பஞ்சு மூட்டைகளுக்கும் நடுவில் இருந்தது. வெளியே ஒரு நிறுவனத்தில் வாடகைக்கு இடம் எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். “நம்ம பொருளு நம்ம கண்ணு முன்னால கெடக்கட்டும்” என்பார்.

பாம்பே குரூப் என்பது சாதாரணப் பரிசோதனையில் ஓ வகை போலவே தெரியும். ஆனால் ஓ வகை ரத்தத்தை அந்த உடம்பு ஏற்காது. வேறு எந்த வகையையும் ஏற்காது. அதே வகை உள்ள இன்னொரு மனிதர் கொடுத்தால்தான் உண்டு. அப்படிப்பட்டவர்கள் மிக மிகக் குறைவு. அண்ணாச்சியிடம் அந்த வகையில் பதிந்திருந்த இரண்டு பேரில் ஒருவர் வளைகுடாவில் இருந்தார். இன்னொருவருடைய எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. ஆகவே அந்தச் சுட்டிதான் ஒரே வழி. காலையிலேயே குழுக்களுக்குப் போய்விட்டது. தொட்டவர்களுக்கெல்லாம் வெள்ளைத் திரை மட்டுமே தெரிந்திருக்கிறது.

அலுவலகத்திலிருந்தே அந்த சர்வருக்குள் நுழைய முயன்றேன். இணைப்பு வாசல் வரை போய் மூச்சடைத்து நின்றுவிட்டது. மேலாளரிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். பாலத்தில் ஜனங்கள் குடையோடு நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செம்மண் நிறத்தில் ஆற்று மண்டபத்தின் உச்சி மட்டும் தெரியும்படி தாமிரபரணி போய்க்கொண்டிருந்தது. நிற்க எனக்கும் ஆசைதான்.

கடையில் அண்ணாச்சி கூட்டத்தை வேலையாளிடம் விட்டுவிட்டு எனக்காகப் படியிலேயே நின்றார். மாடிக்குப் போனதும் முதலில் என் கண்ணில் பட்டது இணையப் பெட்டியின் சின்ன பச்சை விளக்கு. வழக்கமாக அது மின்மினி மாதிரி விட்டுவிட்டு மினுக்கும். அன்று மினுக்கவே இல்லை, நிலையாக எரிந்தது. இடைவெளியே இல்லாமல் எதுவோ போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

“கரண்டு பிரச்சினையா?” என்றார் அண்ணாச்சி.

“இல்ல அண்ணாச்சி. மிஷினு நல்லாத்தான் இருக்கு. பாதைதான் அடைச்சுக் கெடக்கு. என்ன போகுதுன்னு பாப்போம்.”

சர்வருக்கே விசைப்பலகையை மாட்டி உட்கார்ந்தேன். கம்பியில் போவதையும் வருவதையும் அப்படியே திரையில் எழுதிக் காட்டும் ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்தேன். திரை பொங்கிவிட்டது. வரி வரியாக, படிக்க முடியாத வேகத்தில், அருவியைத் தலைகீழாகப் போட்ட மாதிரி எழுத்துக்கள் மேலே ஓடின. நிறுத்திவிட்டு ஓடிய வரிகளில் சிலவற்றை ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாம் ஒரே கேள்வி. ஒரே விலாசத்திலிருந்து. அந்த விலாசத்தைத் தேடினால் உலகத்தின் மறுபக்கத்தில், நான் வரைபடத்தில்கூடப் பார்த்திராத ஒரு நகரம்.

அண்ணாச்சி என் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்றார். “அங்கன உள்ளவன் நம்மகிட்ட என்னத்துக்குக் கேக்கான்?”

“அவன் கேக்கல அண்ணாச்சி. அவன் பேருல வேற எவனோ கேக்கான்.”

எனக்கே அது புரிந்தது அந்த நொடியில்தான். இணையத்தில் ஒரு பெயரைச் சொன்னால் அதற்குரிய விலாசத்தைச் சொல்லும் சேவை ஒன்று உண்டு. அது எங்கள் சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அது தேவையே இல்லை. அந்த வேலையை எங்கள் இணைய நிறுவனம் செய்துகொடுத்துவிடுகிறது. ஆனாலும் அது அங்கே இருந்தது, உலகத்தில் யார் கேட்டாலும் பதில் சொல்லத் தயாராக. எவனோ ஒருவன் அதைக் கண்டுபிடித்திருக்கிறான். ஒரு தபால் கார்டில் சின்னதாக ஒரு கேள்வி எழுதி, அனுப்புநர் இடத்தில் தன் விலாசத்துக்குப் பதில் தனக்கு ஆகாதவன் விலாசத்தை எழுதிப் போடுவது போல. நாங்கள் அந்தக் கார்டுக்குப் பதிலாக ஒரு மூட்டையையே அந்த ஆகாதவன் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். கார்டு, மூட்டை, கார்டு, மூட்டை. எங்களைப் போலத் தெரியாமல் மூட்டை அனுப்பும் இயந்திரங்கள் இன்னும் எத்தனை நாட்டில் எத்தனை அறைகளில் இருந்தனவோ. எங்கோ ஒரு நகரத்தில் ஒரு சர்வர் அத்தனை மூட்டைக்கும் அடியில் நசுங்கிக் கிடக்கிறது. அதில் எங்கள் டவுன் மருந்துக்கடை மாடியின் பங்கும் உண்டு.

இந்த மாதிரித் தாக்குதலைப் பற்றிப் படித்திருக்கிறேன். படித்தது வேறு. பஞ்சு மூட்டையில் முழங்கை பட உட்கார்ந்துகொண்டு அதை நேரில் பார்ப்பது வேறு. எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது மலைப்பு. இவ்வளவு பெரியதா இது, இந்த மெல்லிய கம்பியின் மறுமுனை? யாரோ ஒருவன் விரலை அசைத்தால் தெற்கே ஒரு மூலையில் ஒரு பச்சை விளக்கு மினுக்க மறந்துபோகிறது. ஏரல் பெண்ணுக்காகப் போட்ட பக்கம் யாருக்கும் திறக்காமல் போகிறது. அவனுக்கு எங்களைத் தெரியாது. அவன் அடிக்க நினைத்ததும் எங்களை இல்லை.

“எம்மா,” என்றார் அண்ணாச்சி பைய. “ஆஸ்பத்திரிலேருந்து மறுபடியும் கூப்பிடுதாவ.”

நான் என்னென்ன சேவைகள் விழித்திருக்கின்றன என்று பார்த்தேன். ஒவ்வொரு சேவைக்கும் இயந்திரத்தில் ஒரு வாசல் எண் உண்டு. அந்த வாசலில் உட்கார்ந்து யாராவது தட்டுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பதை எங்கள் தொழிலில் ‘கேட்டுக்கொண்டிருக்கிறது’ என்றே சொல்வோம். வெப்சைட்டுக்கு வேண்டியது அதன் வாசல். நான் நுழைந்து வேலை செய்ய இன்னொன்று. அவ்வளவுதான் வேண்டும். திரையில் இருந்ததோ ஒரு பெரிய வரிசை. பெயர் சொன்னால் விலாசம் சொல்வது, கடிதம் வாங்குவது, கோப்பு ஏற்றுவது, கோப்பு பகிர்வது, அச்சடிப்பது, அக்கம்பக்கத்து இயந்திரங்களைக் கூவி அழைப்பது. முதன்முதலில் சர்வரில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்த பொறியியல் மாணவர்கள், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் சேர்த்தே ஏற்றியிருக்கிறார்கள். இன்று அவர்கள் வெவ்வேறு நாடுகளில் நல்ல வேலையில் இருக்கிறார்கள். அவர்கள் எழுப்பிவிட்டுப் போன சேவைகள் மட்டும் மாடியில் உறங்காமல் உட்கார்ந்திருந்தன.

விலாசம் சொல்லும் சேவையை முதலில் எடுத்தேன். எங்கள் வெப்சைட் எதற்காவது அதை நம்பியிருக்கிறதா என்று அமைப்புக் கோப்பில் ஒருமுறை சரிபார்த்தேன். இல்லை. ‘நிறுத்து’ என்று ஒரு கட்டளை. ‘இனி இயந்திரம் எழும்போது நீயும் எழாதே’ என்று இன்னொன்று.

அண்ணாச்சிதான் முதலில் பார்த்தார். “லைட்டு மினுக்குதும்மா.”

திரையில் கேள்விகள் மட்டும் இன்னும் வந்துகொண்டிருந்தன. பதில் போகவில்லை. வெளியே போகும் பாதை மழைவிட்ட தெரு மாதிரி காலியாகக் கிடந்தது. என் கைப்பேசியில் எங்கள் சுட்டியைத் தொட்டேன். வெள்ளைத் திரை ஒரு கணம். பிறகு சிவப்புத் தலைப்பும் ஆஸ்பத்திரியின் பெயரும் ‘வருகிறேன்’ என்ற பொத்தானும் வந்து நின்றன.

“குரூப்புல மறுபடியும் போடுங்க அண்ணாச்சி. வெரசா போடுங்க.”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு குழுவாகப் போட்டார். நான் சர்வரின் பதிவைப் பார்த்தபடி இருந்தேன். யாராவது ஒருவர் பக்கத்தைத் திறந்தால் அதில் ஒரு வரி விழும். முதலில் ஒன்று. அப்புறம் இரண்டு மூன்று சேர்ந்தாற்போல். அப்புறம் எண்ண முடியவில்லை. தென்காசி, நாகர்கோவில், மதுரை, ஈரோடு, பெங்களூர், துபாய். சற்று முன்பு எந்தத் திரையில் அந்தக் கேள்விகள் ஓடினவோ அதே திரையில், அதே வேகத்தில் இவை ஓடின. இவர்களில் யாருக்குமே அந்தப் பெண்ணைத் தெரியாது. அவரவர் சோற்றுத்தட்டையோ வேலையையோ பஸ்ஸையோ ஒரு நிமிஷம் மறந்து, ஏரலில் ஒருத்திக்கு ரத்தம் வேண்டுமாம் என்று தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். என் கை மடியிலேயே கிடந்தது.

அப்படியிருந்தும் பொத்தானை யாரும் தொடவில்லை. தொட முடியாது. அந்த வகை ரத்தம் இருந்தால்தானே தொடுவார்கள்? மழை கூரைத் தகரத்தில் அடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு அண்ணாச்சியின் போனில் ஒரு எண் வந்து விழுந்தது. அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டார்.

“நான் கூடங்குளம் பக்கம், கடல்ல தொழில் செய்யுதவன். பாம்பே குரூப்புன்னு போட்டிருந்ததே, அது எனக்கு உண்டு. எங்க வரணும்?”

“நெசந்தானாப்பா? டெஸ்ட் பண்ணியிருக்கியா?”

“எங்க ஊர்ல முன்ன ஒரு ரத்தக் கேம்ப் போட்டாவ. அதுல சொல்லிக் கார்டும் தந்தாவ அண்ணாச்சி. யாராவது கேப்பாவன்னு அந்தக் கார்ட பர்சுலயே வச்சிருக்கேன். இதுவரைக்கும் யாருமே கேக்கல.”

அண்ணாச்சி அந்த எண்ணைக் குறிக்கப் பேனா தேடினார். நான்தான் ஆஸ்பத்திரியின் பெயரையும் எந்தப் பக்கம் நுழைய வேண்டும் என்பதையும் சொன்னேன். “பஸ்ஸு கெடைச்சா ஏறிட்டுச் சொல்லுதேன்” என்று அவர் போனை வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு எண்ணும் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண். அங்கேயே ரத்த வங்கியில் கொடுத்துவிடுகிறேன், ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள் என்றார். அலுவலகத்தில் யாரோ சுட்டியைக் காட்டினார்களாம்.

அண்ணாச்சியும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்த வங்கிக்கு வெளியே நீள பெஞ்சில் ஏரல் பெண்ணின் அம்மா உட்கார்ந்திருந்தார். வாழைத்தோட்டத்தில் வேலை செய்கிறவர். மகள் வலியென்று சொன்னதும் போட்டது போட்டபடி வந்திருக்கிறார், சேலை விளிம்பில் சேறு காய்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“வாராவளா?”

“பஸ்ஸுல ஏறியாச்சும்மா” என்றார் அண்ணாச்சி.

“அவியளுக்கு நாங்க யாருன்னு தெரியுமா?”

“தெரியாது.”

அந்த அம்மா பெஞ்சில் மறுபடி உட்கார்ந்தார். “தெரியாமலா வாராவ” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதற்கப்புறம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தி மயங்கும் நேரத்தில் கூடங்குளத்துக்காரர் வந்தார். முப்பது வயதிருக்கும். சட்டை முழுவதும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் பாலிதீன் பைக்குள் சுற்றிய பர்சு. உள்ளே அந்தக் கார்டு மட்டும் நனையாமல் இருந்தது. பரிசோதனை செய்து, சரிதான் என்று உறுதிசெய்ததும் படுக்கச் சொன்னார்கள். அப்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அக்கா, ஊசின்னா எனக்குக் கொஞ்சம் பயம். யாராவது பக்கத்துல நின்னா நல்லாருக்கும்” என்றார். கடலில் எந்த அலைக்கும் அசையாதவர் என்று அவரைப் பார்த்தாலே தெரியும். அண்ணாச்சி அவருடைய மறு கையைப் பிடித்துக்கொண்டு, நடு வெயில் காலத்தில் சாளை மீன் என்ன ருசியிருக்கும் என்று பேச்சுக் கொடுத்தார். அவர் முகத்தை அண்ணாச்சி பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி அதற்குப் பதில் சொன்னார். பை நிறைந்துகொண்டிருந்தது.

வெளியே வந்தபோது அந்த அம்மா அவர் காலைத் தொடக் குனிந்தார். அவர் பதறிப் பின்னால் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டார். “எம்மா, அப்படியெல்லாம் செய்யாதிய. நான் வேலைவெட்டி இல்லாமத்தான் வீட்டுல கெடந்தேன், மழைக்குக் கடலுக்குப் போவல.” அண்ணாச்சி வாங்கிக் கொடுத்த டீயை நின்றபடியே குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினார். அவர் கொடுத்த ரத்தத்தை ஏற்றி இரவைத் தாண்டினார்கள். அடுத்த நாள் காலையில் கோயம்புத்தூர்ப் பெட்டியும் வந்து சேர்ந்தது. அறுவை சிகிச்சையில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு உயிரும் பத்திரம் என்று ரத்த வங்கிப் பெண் போனில் சொன்னபோது நான் அலுவலகத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

ஆனால் மாடியில் வேலை பாக்கி இருந்தது. ஒரு சேவையைத்தான் நிறுத்தியிருந்தேன். மற்றவை எல்லாம் இன்னும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தன. அன்று மாலையே போய் ஒவ்வொன்றாக எடுத்தேன். கடிதம் வாங்குவது யாருக்காக? யாருக்கும் இல்லை, நிறுத்தினேன். கோப்பு ஏற்றுவது பழைய முறை, கடவுச்சொல் திறந்தபடி போகும், நிறுத்தினேன். பகிர்வது, கூவி அழைப்பது, எல்லாம் போயிற்று. அச்சடிக்கும் சேவையில் கொஞ்சம் யோசித்தேன். மாடியில் அச்சுப்பொறியே இல்லையே, ஒரு வெப்சைட் எதை அச்சடிக்கப் போகிறது? அதையும் நிறுத்திவிட்டு மனநிறைவோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் கடை திறந்ததுமே போன். “எம்மா, பில்லு வர மாட்டுக்கு! ஆளுவ நிக்காவ!”

கீழே கடையின் பில் அச்சுப்பொறி இத்தனை காலமும் மாடி சர்வர் வழியாகத்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அண்ணாச்சிக்கும் அது தெரியாது. எனக்குச் சிரிப்பு வந்தாலும் கொஞ்சம் வியர்த்தது. அந்தச் சேவையை மறுபடி எழுப்பி, கடைக்குள் இருக்கும் கணினிகள் தட்டினால் மட்டும் திற, தெருவிலிருந்து யார் தட்டினாலும் திறக்காதே என்று சொல்லிக்கொடுத்தேன். கீழே முதல் பில் கிறீச்சிட்டு வெளியே வந்தது. “வந்துட்டு, வந்துட்டு” என்று படிவழியாகச் சத்தம் கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. மழை விட்டிருந்தது. மாடியில் உட்கார்ந்து, என் கைப்பேசி இணையம் வழியாக, வெளியாள் தட்டுவது போல எங்கள் சர்வரைத் தட்டிப் பார்த்தேன். வெப்சைட்டின் வாசலும் நான் நுழையும் வாசலும் மட்டுமே பதில் சொல்லின. மற்ற எண்களில் நிசப்தம். அண்ணாச்சியைக் கூப்பிட்டு, தடுக்கப்பட்ட தட்டல்களின் பதிவைக் காட்டினேன். அது ஒரு நொடிகூட ஓயவில்லை. மூடிய வாசல்களை யார் யாரோ எங்கெங்கிருந்தோ தட்டித் தட்டிப் பார்த்தபடி இருந்தார்கள்.

“இவனுவளுக்கு ஓய்வு ஒழிச்சலே கெடையாதா?” என்றார்.

“ஆளு இல்ல அண்ணாச்சி, எல்லாம் மிஷினுதான். தட்டச் சொல்லி விட்டுட்டுப் போயிருப்பானுவ.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தக் காலைநேரத்தில் இருவரும் திரையைப் பார்த்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு வரியிலும் ஒரு தேசத்தின் பெயர். சிலவற்றை அண்ணாச்சி வாய்விட்டுப் படித்து, அது எங்கே இருக்கிறது என்று கேட்டார். பாதிக்கு எனக்குத் தெரியவில்லை. பூமி இவ்வளவு அகலம் என்று பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் இப்படிக் காட்டியதில்லை.

அப்போது அவருடைய போன் அடித்தது. எண்ணைப் பார்த்துவிட்டு, “கோயம்புத்தூர்ப் பிள்ளை” என்றார். எடுத்தார். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் தயங்கித் தயங்கிப் பேசியது எனக்கும் கேட்டது. “சும்மாதாங்க கூப்பிட்டேன். கேட்கலாமான்னு தெரியல. அந்தக் குழந்தை எப்படி இருக்குதுங்க?”

“நீயே சொல்லும்மா” என்றார் அண்ணாச்சி. போனை என்னிடம் நீட்டினார். நான் வாங்கி, “நல்லா இருக்கு, அம்மாவும் நல்லா இருக்காவ” என்றேன். பிறகு, “பெண் குழந்தைங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.